இறைச்சியைக் கொண்டுபோனீர்கள், அம்பு எங்கே?

இலங்கையின் கிழக்கிலே, பூர்வீகக் குடிகளான வேடர் சமூகம் பற்றி ஆய்வு செய்கின்ற பேராசிரியர்களுக்கும், பட்டப்பின் படிப்பு மாணவர்களுக்கும், அவர்களுடைய விண்ணப்பங்களில் ஒப்பமிடுகின்ற ஆய்வு ஒழுக்கநெறிக் குழுவினருக்கும் திருகோணமலையிலிருந்து ஒரு வெளிக்கள உதவியாளன் எழுதிக்கொள்வது.

வணக்கம்.

உங்களில் சிலருக்கு என்னைத் தெரியும். மூதூரில் வாகனத்தை நிறுத்திவிட்டு எனக்குக் கோல் எடுத்து, "தம்பி, வேடர் கிராமங்களுக்கு ஒருக்கால் கூட்டிக்கொண்டு போவியளோ?" என்று கேட்டவர்கள் நீங்கள். நான் கட்டைபறிச்சான்காரன். அங்கிருந்து கிழக்கே போகப் போக வருகின்ற பாட்டாளிபுரம், வீரமாநகர், நல்லூர், இளக்கந்தை, உப்பூறல் எல்லாம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கமான ஊர்கள். அந்தப் பழக்கத்தைத்தான் இத்தனை வருடமாக உங்களுக்கு நாட்கூலிக்கு விற்று வருகிறேன். வினாக்கொத்தை வாசித்துக் காட்டுவேன், சொல்கிற பதிலை எழுதுவேன், எழுதத் தெரியாதவர்களின் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றுவேன், பின்னேரம் உங்களைப் பத்திரமாக ஏற்றிவிடுவேன். ஊரிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறீர்கள், திருப்பி ஒன்றும் தருவதில்லை என்பதுதான் என் முறைப்பாடு. ஆகவே இந்த மடலில் உங்கள் மேல் நான் வைக்கிற குற்றம் ஒவ்வொன்றிலும் பாதி என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு காலத்தில் திருகோணமலையிலிருந்து கரையோரமாக மட்டக்களப்புக்குப் போவதென்றால் துறைக்குத் துறை இறங்கி, 'பாதை' ஏறித்தான் போகவேண்டும். பாதை என்று நாங்கள் சொல்வது வாகனத்தையும் ஆட்களையும் அக்கரை சேர்க்கிற மிதவையை. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்தது. பிறகு வெருகல் வரைக்கும் ஒவ்வொன்றாகப் பாலங்கள் வந்தன. பாலங்களுக்குப் பின்னால் நீங்கள் வந்தீர்கள். மானுடவியல் வந்தது, சமூகவியல் வந்தது, போசாக்கு வந்தது, மரபணு வந்தது, ஆவணப்படம் வந்தது. சில வீடுகளில் ஒரே கேள்விக்கு ஏழு தடவை பதில் சொல்லியிருக்கிறார்கள். "உங்கட குலதெய்வம் எது?" என்று நான் வாய் திறக்க முன்னமே ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டு, "போனமுறை சொன்னதுதான் தம்பி, இன்னும் மாறேல்லை" என்றார்.

நான் சொல்ல வந்த விசயத்துக்கு ஒரு பழைய கதை வேண்டும். 1660 இல் கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்ட ஆங்கிலக் கப்பலிலிருந்து இறங்கிய றொபேட் நொக்ஸை இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துப்போனது எங்கள் மூதூர்ப் பக்கத்தில்தான். ஏறத்தாழ 20 வருடம் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்து, தப்பிப்போய், 1681 இல் லண்டனில் தன் நூலை வெளியிட்டார். அதில் வேடரைப் பற்றி ஒரு செய்தி இருக்கிறது. எங்கள் கரையோர வேடரைப் பற்றியதல்ல, உள்நாட்டுக் காட்டு வேடரைப் பற்றியது. இருந்தாலும் கேளுங்கள். அம்பு முனை தேவைப்படுகிற வேடன் இரவோடிரவாக வந்து கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தூக்கிவிட்டுப் போவான். பக்கத்தில், தனக்கு வேண்டிய அம்பின் வடிவத்தில் வெட்டிய ஓர் இலை இருக்கும். கொல்லன் அதே அளவில் அம்பு அடித்து வைத்தால் மறுபடியும் இறைச்சி வரும். இறைச்சியைத் தின்றுவிட்டு அம்பைக் கொடாமல் விட்டால், இன்னொரு இரவில் கொல்லன் மேல் அம்பு பாயும்.

கையெழுத்து இல்லை, சாட்சி இல்லை. ஆனாலும் இரண்டு பக்கத்துக்கும் எது கடமை என்று தெரிந்திருந்தது. நீங்கள் எங்கள் ஊர்களுக்குக் கொண்டுவருகிற நாலு பக்கச் சம்மதப் படிவத்தில் இந்தத் தெளிவு இல்லை. 'எந்நேரத்திலும் தாங்கள் இவ்வாய்விலிருந்து விலகிக்கொள்ளலாம்' என்ற வரியை ஒருமுறை வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்தவர் கடலுக்குப் போக ஆயத்தமாக நின்றவர். "விலகலாமெண்டால் எங்க போய் விலகிறது?" என்று கேட்டார். படிவத்தின் அடியில் வேறொரு நகரத்து அலுவலகத் தொலைபேசி இலக்கம் ஒன்று இருந்தது. அதைக் காட்டினேன். அவர் பெருவிரலை நீட்டினார். மை காய்ந்துபோயிருந்ததால் இரண்டு தடவை ஒற்ற வேண்டியிருந்தது.

இனி ஆச்சியின் கதை. பெயர் சொல்லமாட்டேன், ஊரும் சொல்லமாட்டேன். 2014 ஆடி மாதம், ஒரு குழுவுடன் போயிருந்தேன். சடங்குப் பாடல்களைப் பதிய வேண்டும் என்றார்கள். எங்கள் பக்கத்து வேடர் சடங்கில் கப்பல் தெய்வம் உண்டு. கடலால் வந்த தெய்வம். அந்தப் பாட்டு முழுவதும் தெரிந்த ஆள் அந்த ஊரில் அப்போது ஆச்சி ஒருத்திதான். "இது சும்மா பாடுற பாட்டில்லை, தெய்வம் வந்தால் பாடுறது. ஒருக்கால்தான் பாடுவன்" என்றா. வாயைக் கொப்பளித்து, முகம் கழுவி, நனைந்த கையைச் சேலைத் தலைப்பில் துடைத்து, கடல் இருக்கிற திசையைப் பார்த்து இருந்தா. நான் ரெக்கோடரை அவவின் மடிக்குக் கிட்டப் பிடித்தேன். சிவப்பு வெளிச்சம் எரிந்தது.

"இது ஏன் எரியுது?"

"உங்கட குரல் உள்ளுக்குப் போகுது ஆச்சி."

"திரும்பி வெளியில வருமோ?"

"வரும்."

அந்த 'வரும்' நான் சொன்னது. குழுவில் யாரும் சொல்லச் சொல்லவில்லை.

ஆச்சி இப்போது இல்லை. அவ செத்து எட்டாம் நாள் பேத்தி என்னைக் கண்டு, "அண்ணா, அம்மம்மா பாடினது உங்களிட்ட இருக்கோ?" என்று கேட்டாள். என்னிடம் இல்லை. ரெக்கோடர் அவர்களுடையது. மின்னஞ்சல் போட்டேன். தரவு செயற்றிட்டத்துக்குச் சொந்தமானது என்று மரியாதையாகப் பதில் வந்தது. மறுபடியும் போட்டேன், அதற்குப் பதில் இல்லை. ஆய்வேடு முடிந்து, பட்டமும் கிடைத்துவிட்டது. ஆங்கிலத்தில் அழகாகக் கட்டிய புத்தகம். நன்றியுரையில் என் பெயர் எழுத்துப்பிழையுடன் இருக்கிறது. ஆச்சி 'தகவலாளி 7'. இரகசியம் காக்க அப்படி எழுதுவார்களாம். ஊரில் ஒருத்திக்கு மட்டும் தெரிந்த பாட்டை அச்சடித்துவிட்டுப் பாடினவளின் பெயரை மறைப்பது யாருடைய இரகசியத்தைக் காக்க என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அந்த நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் மற்றவர்கள் எல்லாம் 'நாங்கள் அப்படியில்லை' என்று நிம்மதியாகப் படுத்துவிடுவீர்கள்.

இது புதுப் பழக்கமும் இல்லை. 19 ஆம் நூற்றாண்டின் கடைசியில் இலங்கைக்கு வந்த சுவிற்சர்லாந்துக்காரரான போல் சரசின், ஃபிரிட்ஸ் சரசின் இருவரும் வேடரின் மண்டையோடுகளைத் தேடித் தேடிச் சேர்த்து அளந்தார்கள். அந்தக் காலத்து ஐரோப்பிய அறிவுலகத்துக்கு ஒரு 'கலப்பில்லாத வேடன்' தேவைப்பட்டான். மனித குலத்தின் முதற்படி என்று காட்டுவதற்கு. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் கிடந்த 9 வேடர் மண்டையோடுகள் 2019 இல்தான் மகியங்கனைப் பக்கத்துத் தம்பானை வேடரின் தலைவர் ஊருவரிகே வன்னில அத்தோவின் கையில் திரும்பி வந்தன. முன்னோரின் தலையைத் திரும்பப் பெற அங்கே கடல் கடந்து போகவேண்டியிருந்தது. நான் கேட்பது ஒரு பாட்டை.

அந்தக் 'கலப்பில்லாத' என்ற சொல்தான் எங்கள் கரையைக் கெடுத்தது. பிரித்தானிய மானுடவியலாளரான செலிக்மன் தம்பதியர் வேடரைப் பற்றி 1911 இல் வெளியிட்ட பெரிய நூலில் கரையோர வேடருக்குக் கிடைத்தது கொஞ்ச இடம். தமிழ் பேசுகிறார்கள், தமிழரோடு கலந்துவிட்டார்கள், ஆகவே அவர்களிடம் படிப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை என்ற மாதிரி. அதன் பிறகு வந்தவர்களும் கோடரியைத் தோளில் போட்ட தம்பானை வேடனைத் தேடி மகியங்கனைப் பக்கம் போனார்களே தவிர, வலையைத் தோளில் போட்ட உப்பூறல் வேடனை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அரசாங்கத்தின் கணக்கும் அப்படித்தான் தேய்ந்தது. 1911 குடிசன மதிப்பீட்டில் வேடர் 5,332 பேர். 1946 இல் 2,361. 1953 இல் 803. இத்தனை ஆயிரம் பேர் செத்துப்போகவில்லை ஐயா. பதிவுக்கு வந்தவர் சிங்களம் பேசினவரைச் சிங்களவர் என்றும் தமிழ் பேசினவரைத் தமிழர் என்றும் எழுதிவிட்டுப் போனார். சில இடங்களில் அவர்களே அப்படி எழுதச் சொல்லியுமிருப்பார்கள். ஏன் என்று எங்களுக்குத் தெரியும்.

ஏனென்றால் நாங்கள்தான் காரணம். நாங்கள் என்றால் கட்டைபறிச்சான், சம்பூர், திருகோணமலைத் தமிழர். வெள்ளிக்கிழமை கோயிலில் வேடர் குலத்து வள்ளியைப் பாடுவோம். கண்ணப்பர் தன் கண்ணைப் பிடுங்கி அப்பின கதையில் கண் கலங்குவோம். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில், பக்கத்து வாங்கில் இருக்கிற பிள்ளையை 'வேடன்' என்று கூப்பிட்டு எழுப்பி விடுவோம். நானும் கூப்பிட்டிருக்கிறேன். மூன்றாம் வகுப்பில். அந்தப் பெடியன் நாலாம் வகுப்புக்கு வரவில்லை. இன்றைக்கு அவனுடைய மகனுக்கு உங்கள் வினாக்கொத்தை வாசித்துக் காட்டும்போது, 'இடைவிலகலுக்கான காரணம்' என்ற கேள்வியில் என் நாக்குத் தடக்குகிறது.

ஒரு படப்பிடிப்புக்காரர் வந்தார். கால்பந்தாட்டக் கழகத்தின் ரீசேட் போட்டுக்கொண்டு நின்ற மனுசனைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். பாரம்பரியமாகத் தெரிய வேண்டுமாம். மனுசன் என்னைப் பார்த்தான். நான் நிலத்தைப் பார்த்தேன். அவன் கழற்றினான். அந்தப் படம் எங்கேயோ சட்டகம் போட்டுத் தொங்குகிறதாம்.

உடம்பைப் பற்றிய ஆய்வுக்கு வருகிறேன். எனக்கு ஆகப் பயம் அதில்தான். பிள்ளைகளின் மேற்கையில் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறப் பட்டியைச் சுற்றி அளந்து எழுதியிருக்கிறேன். சிவப்பில் நின்ற கைகள் நினைவிருக்கின்றன. ஒரு தடவை பெண்களிடம் இரத்தம் எடுத்தார்கள். சோகை பார்க்க என்றார்கள். ஊருக்கு வருகிற மிட்வைஃப் பிறகு என்னிடம், "அந்த ரிப்போட் கிடைச்சால் எனக்கு எவ்வளவு உதவி" என்று கேட்டா. அவவுக்குத் தேவைப்பட்டது ஒரேயொரு தாள்: இன்ன வீட்டுப் பெண்ணுக்கு இரத்தம் இவ்வளவு குறைவு. அது வரவில்லை. மாநாட்டில் வரைபடமாக வந்ததாம்.

எடுத்த இரத்தம் எங்கே, இன்னும் இருக்கிறதா, வேறு எதற்காவது பாவித்தார்களா? இதைக் கேட்டால் சந்தேகப் பேர்வழி என்கிறீர்கள். அமெரிக்காவின் பெரும் பள்ளத்தாக்கில் வாழ்கிற ஹவசுப்பாய் மக்களுக்கு நடந்தது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 1990 இல் நீரிழிவு ஆய்வு என்று சொல்லி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் இரத்தம் எடுக்கத் தொடங்கியது. அந்த மக்களிடையே நீரிழிவு கடுமையாக இருந்தது, நம்பிக் கொடுத்தார்கள். அதே இரத்தத்தில் மனச்சிதைவு நோயைப் பற்றியும், நெருங்கிய உறவுக்குள் மணமுடிப்பதைப் பற்றியும், அவர்களுடைய மூதாதையர் எங்கிருந்து குடியேறினார்கள் என்பதைப் பற்றியும் ஆய்வுகள் நடந்தன. தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது அவர்களுடைய நம்பிக்கை. 2003 இல் ஒரு கலாநிதிப் பட்ட ஆய்வுரை நடந்த மண்டபத்தில் அந்தச் சமூகத்துப் பெண் ஒருத்தி போய் இருந்தபோதுதான் விசயம் வெளியில் வந்தது. எழுந்து, இதற்குச் சம்மதம் வாங்கினீர்களா என்று கேட்டாள். வழக்கு நடந்து, 2010 இல் 41 பேருக்கு 7 இலட்சம் டொலர் கொடுத்து, மிஞ்சிய இரத்த மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

அந்த மண்டபத்தை நான் அடிக்கடி நினைக்கிறேன். எங்கள் ஊர்களைப் பற்றிய ஆய்வுரைகளும் நடக்கின்றன. குளிரூட்டி போட்ட அறை, ஆங்கிலத்தில். அங்கே போய் இருக்க பாட்டாளிபுரத்திலிருந்து யாரையாவது ஒரு தடவையாவது கூப்பிட்டீர்களா? பஸ் காசு நான் தருகிறேன்.

தென்னாபிரிக்காவின் சான் மக்கள் 2017 இல் தங்களுக்கென்று ஓர் ஆய்வு நெறிக்கோவையைத் தாங்களே எழுதினார்கள். வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்த மக்கள், எங்கள் வேடரைப்போல. மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை, முறையான வழி என்று ஐந்து விசயம். எங்களிடம் வருமுன் எங்கள் சபையிடம் வாருங்கள், வெளியிடுமுன் எங்களுக்குக் காட்டுங்கள், சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள் என்பதுதான் சாரம். விளங்காத சொல் ஒன்றும் அதில் இல்லை. ஐக்கிய நாடுகள் சபை 2007 இல் பூர்வீகக் குடிகளின் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியபோது ஆதரித்துக் கையுயர்த்திய 144 நாடுகளில் இலங்கையும் ஒன்று. அதன் 31 ஆவது உறுப்புரை பாரம்பரிய அறிவையும் மருந்தையும் விதையையும் மரபணு வளத்தையும் வைத்திருக்கவும் கட்டுப்படுத்தவும் அந்த மக்களுக்கே உரிமை என்கிறது. நியூயோர்க்கில் கையுயர்த்திய நாட்டில், இளக்கந்தையில் பெருவிரலை மட்டும் உயர்த்தச் சொல்கிறோம்.

மூலிகை தேடி வருகிறவர்களுக்கும் இது பொருந்தும். பாம்புக்கடிக்கு எந்த வேர் என்று ஒரு பரிசாரியிடம் கேட்டு எழுதினால் அந்த அறிவுக்கு ஓர் உரிமைக்காரர் இருக்கிறார். சித்த மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் இதை மற்றவர்களைவிடக் கெதியாகப் புரிந்துகொள்கிறார்கள். குருவிடம் வாங்கின மருந்துக்குக் குருவின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று அவர்கள் ஏற்கனவே படித்திருக்கிறார்கள்.

எல்லாரும் ஒரே மாதிரி என்று சொன்னால் அது பொய். மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி வந்தாள். ஆய்வு முடிந்து ஐந்து மாதம் கழித்துத் தனியாக பஸ் ஏறி வந்து, எடுத்த படங்களை எல்லாம் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தாள். தான் எழுதினதைத் தமிழில் பத்துப் பக்கமாகச் சுருக்கி, ஒரு மரத்தடியில் இருந்து வாசித்தாள். இரண்டு இடத்தில் பெண்கள் மறித்து, "அப்பிடியில்லை பிள்ளை" என்றார்கள். திருத்தினாள். அந்தப் படங்கள் இன்றைக்கும் சொப்பிங் பைக்குள் சுற்றி, கிடுகுக்கும் வளைக்கும் நடுவில் செருகிக் கிடக்கின்றன. சில வீடுகளில் செத்துப்போனவர்களின் ஒரே படம் அதுதான். 2006 இல் யுத்தத்தால் மூதூர் கிழக்கு முழுவதும் பெயர்ந்து வெருகல் தாண்டி வாகரைக்கு ஓடினபோது கையில் எடுத்துக்கொண்டு ஓட அவர்களிடம் படம் என்று ஒன்று இருக்கவில்லை.

இனி நீங்கள் எதை ஆராய வேண்டும் என்று அவர்களைக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டேன். தெய்வத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. "காணியைப் பற்றி எழுதச் சொல்லு" என்றார்கள். பரம்பரையாகத் தேன் எடுக்கப் போன காட்டில் இப்போது எல்லைக்கல் நிற்கிறது. போனால் பிடிக்கிறார்கள். காடு வெட்டிப் பயிர் செய்கிற சேனை நிலத்துக்குக் காணி உறுதி இல்லை. கிணற்றுத் தண்ணீர் கோடையில் உவர்க்கிறது. இன்ன காட்டில் இன்ன குடும்பம் எத்தனை தலைமுறையாகத் திரிந்தது என்று வரைபடத்துடன் ஒருவர் எழுதித் தந்தால், அதைக் கச்சேரிக்கு, அதாவது அரசாங்க மாவட்டச் செயலகத்துக்கு, கொண்டுபோகலாம். அதுதான் அம்பு. நீங்கள் இறைச்சியைத் தின்றுகொண்டு இலையைக் கவனிக்கவில்லை.

ஒழுக்கநெறிக் குழுவினருக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் மேசைக்கு வருகிற விண்ணப்பத்தில் 'சமூகத்துக்கான நன்மைகள்' என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதில் 'கொள்கை வகுப்பாளர்களுக்கு உதவும்' என்று எழுதியிருந்தால் தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள். எந்தத் திகதியில், எந்த ஊரில், யார் வந்து, தமிழில் எதை ஒப்படைப்பார் என்று எழுதச் சொல்லுங்கள். ஒப்படைத்ததற்கு ஊரவர் பெருவிரல் வைத்த தாள் வந்த பிறகு பட்டத்தைக் கொடுங்கள். எங்களிடம் கைநாட்டு வாங்க உங்களுக்குத் தெரியும், ஆகவே இதில் சிரமம் இருக்காது. பாடினவர் தன் பெயர் வரவேண்டும் என்றால் பெயரைப் போடுங்கள், வேண்டாம் என்றால் விடுங்கள். கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இரத்தமென்றால், முடிவு முதலில் மிட்வைஃபின் கைக்கு. இன்னொரு ஆய்வுக்குப் பாவிப்பதென்றால் இன்னொரு தடவை வந்து கேட்க வேண்டும், தூரம் என்று சாட்டுச் சொல்லக்கூடாது. பாலம் போட்டாயிற்று.

என் பங்குக்கு நானும் ஒன்று முடிவெடுத்திருக்கிறேன். இனி மூதூரில் இருந்து எனக்குக் கோல் எடுக்கிறவரிடம், போனமுறை நீங்கள் எழுதினதின் தமிழ்ப் பிரதி எங்கே என்று முதலில் கேட்பேன். முதல் தடவை வருகிறவர் என்றால், திரும்பி வருகிற திகதியைக் கேட்பேன். இரண்டும் இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். நாட்கூலி நட்டம்தான். வீட்டில் மனுசிக்கு இன்னும் சொல்லவில்லை.

கடைசியாக, 2014 ஆடியில் வந்த குழுவினருக்கு. இந்த மடல் உங்கள் கண்ணில் பட்டால், ஆய்வேடு வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். அந்த ஒலிப்பதிவு ஏறக்குறைய முப்பது நிமிடம். நடுவில் ஒரு இடத்தில் ஆச்சி இருமுவா, தண்ணீர் கேட்பா, நான் 'பொறுங்கோ ஆச்சி' என்று சொல்கிற குரலும் கேட்கும். அதை வெட்ட வேண்டாம், முழுதாக அனுப்புங்கள். பேத்தியிடம் ஒரு பழைய போன் இருக்கிறது. மெமரி கார்ட் ஒன்றில் போட்டுத் தந்தால் போதும், நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
'வரும்' என்று சொன்னவன்
மூதூர் கிழக்கு, திருகோணமலை